எனி பாஸ்?

— இஞ்சருங்கோ, அந்த லாம்பை நூருங்கோவன்.

— நூர்த்தா மீன் எப்பிடித் தெரியும், ராணி?

— ஆரும் கண்டா...

— காணட்டுமன்! இது ரொறன்ரோ. கண்டா கை காட்டுவாங்கள்.

— ஐயோ, உங்க பாருங்கோ! சி.என். ரவர் தலைகீழா எங்கட வள்ளத்துக்குக் கீழ நிக்குது!

— வள்ளமோ? போட் எண்டு சொல்லும். வேலையிடத்துப் போர்த்துக்கீசன் இரவல் தந்தது. கீறல் விழுந்தா என்னை உரிச்சுப் போடுவான்.

— எவ்வளவு வெளிச்சம்... இவ்வளவும் தண்ணிக்கு மேல கிடக்கு. ஒருத்தரும் சுடேல்லை.

— ம்... அது சரி, அந்தக் கைப்பையை ஏன் நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சிருக்கிறீர்? நடு ஏரியில கடையே இருக்குது?

— பகிடி விடாதையுங்கோ.

— பின்ன என்ன? கனடா வந்து ரெண்டு வருஷமா ஏரிப் பக்கம் எட்டியும் பாராத ஆள். திடீரெண்டு, இரவில தண்ணிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு ஒரே பிடிவாதம்.

— இரவில தண்ணிக்குப் போனா ஆக்கள் திரும்பி வருவினமோ எண்டு நான் பாக்கவேணும்.

— அண்ணாவை நினைச்சோ?

— ...ஓம்.

— பாவம் மனுசன். எங்கட கலியாண எழுத்துக்கு முதல் நாள். மீன்பிடிக்க நேவி தந்த பாஸை எங்கயோ மறந்து வைச்சிட்டு, வெறுங்கையோட கடலுக்குப் போய், சூடு பட்டு...

— விடுங்கோ அந்தக் கதையை... ஐயோ, தூண்டில் இழுக்குது!

— பிடியும், பிடியும்! சுத்தும்... மெல்ல, மெல்ல...

— அம்மாடி! துள்ளுறதைப் பாருங்கோ! என்ன பெரிசு... பச்சையா மினுங்குது. என்ன வடிவு!

— நாலு றாத்தல் வரும். நாளைக்குக் குழம்பு...

— வேண்டாம். விடுங்கோ. அது வீட்டை போகட்டும்.

— விசரோ உமக்கு? பின்னேரம் துவங்கிக் குந்தியிருந்து... சரி, சரி, அழாதையும். இந்தா, விட்டிட்டன்.

— போயிட்டுது... இஞ்சருங்கோ! அங்க ஒரு போட்! எங்களுக்குத்தான் லைற் அடிக்கிறாங்கள்!

— அது பொலிஸ் போட். ஒண்டுமில்லை, இரும்... ஏன் கையைத் தூக்குறீர்?

— "ஹலோ! எனி பாஸ்?"

— யெஸ் சேர்! இருக்கு சேர்! இந்தா, இந்தா...

— ராணி! என்னத்தை நீட்டுறீர்? ...வன் பாஸ், ஒஃபிசர். வீ லெற் இற் கோ.

— "நைஸ்! குட் லக்!"

— ...போயிட்டானோ?

— போயிட்டான். கையும் காட்டிப்போட்டுப் போறான்.

— அவ்வளவுதானோ? பாஸைக் கேட்டிட்டு, பாக்காமலே போறான்?

— ஹா ஹா! அடி விசரி! நீர் விட்ட மீன்ர பேர்தான் பாஸ். மீன் பட்டதோ எண்டு கேட்டவன்!

— மீனையோ கேட்டவன்? இந்த இரவில, நடுத்தண்ணியில, லைற்றும் அடிச்சு... மீன் பட்டதோ எண்டோ? கடவுளே... இப்பிடியும் ஒரு தண்ணி இருக்கோ!

— சரி, உது என்ன கடதாசி? கொண்டாரும், லாம்பில பாப்பம்... எண்பத்தஞ்சாம் ஆண்டு... படம்... இது உம்மட அண்ணாவெல்லோ! அவர் மறந்து துலைச்ச பாஸ்... உம்மட கையில எப்பிடி, ராணி?

— அவர் மறக்கேல்லை. வீடு முழுக்கத் தேடினவர். என்னட்டையும் கேட்டவர், நான் காணேல்லை எண்டனான். விடிஞ்சா எங்கட எழுத்து... அண்ணா நிண்டு சாட்சிக் கையெழுத்துப் போடவேணும் எண்டு, நான்தான் என்ர சீலைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வைச்சனான். பாஸ் இல்லாட்டிப் போகமாட்டார் எண்டு நினைச்சனப்பா.