மூன்றாவது சம்மதம்

அக்கா (மனசுக்குள்): போன வருஷம்தான் கண்ணாடி மாத்தினான். அதுக்குள்ள பார்வை மங்குதாம். வீட்டுக்கு வராம நான் வேலை செய்யற கண்ணாடிக் கடைக்கு வந்திருக்கான். வீட்டுல அம்மா இருப்பாங்களே... இருக்கட்டும். அவனா வாயத் திறக்கட்டும்.

அக்கா: தாடைய இந்த மெஷின்ல வை. நெத்திய ஒட்டு.

தம்பி: ஜில்லுன்னு இருக்கு.

அக்கா: இப்பதான் துடைச்சேன். கடைசி வரி படி.

தம்பி: க... ப... அடுத்தது தெரியல.

அக்கா: தெரியும். படி.

தம்பி: ம, ட. வர்றவங்கள இப்படித்தான் மிரட்டுவியா?

அக்கா: தம்பிய மட்டும். பவர் ஒண்ணும் மாறல. எதுக்கு வந்த?

தம்பி: நாலு மணிக்கு உனக்கு ஒரு போன் வரும்க்கா.

அக்கா: யாரு?

தம்பி: எங்க கம்பெனில முதலீடு பண்ண வர்றாங்கள்ல, அவங்க ஆள். ஒரு அம்மா. தோண்டித் துருவுறதுதான் அவங்க வேலை. சம்மதம் கொடுக்கற சாவி வச்சிருக்கிற அஞ்சு பேரையும் தனித்தனியா விசாரிப்பாங்க.

அக்கா: சாவின்னா... அந்த பென் டிரைவ் மாதிரி ஒண்ணு. என்னுது எங்க இருக்கு?

தம்பி: ...என் லேப்டாப் பையில.

அக்கா: உன்னுது, உன் பொண்டாட்டிது, என்னுது. மூணும் ஒரே பையில.

தம்பி: நீதான 'எனக்கு இந்தக் கருமமெல்லாம் புரியாது, நீயே வச்சுக்கோ'ன்ன?

அக்கா: சொன்னேன். என் தப்பு. தாடைய எடுக்காத, கண் அழுத்தம் பாக்கணும்... இப்ப நான் என்ன சொல்லணும்?

தம்பி: சாவி உன்கிட்டதான் இருக்கு, ஒவ்வொரு தடவையும் படிச்சுப் பாத்து நீயேதான் சம்மதம் கொடுத்தன்னு. அவ்ளோதான்.

அக்கா: அஞ்சு பேர்ல மூணு பேர் சம்மதிச்சாத்தான் யாரோட கணக்குலயும் எதையும் மாத்த முடியும்னு விளம்பரம் போட்டிருக்கியே.

தம்பி: அதுக்குத்தான் அவங்க வர்றதே. வீட்டுப் பத்திரம், சர்டிபிகேட்டெல்லாம் ஜனங்க ஆன்லைன்ல எங்ககிட்ட ஏன் வைக்கிறாங்க? முதலாளின்னு ஒருத்தன் இல்லங்கிற நம்பிக்கைதான்.

அக்கா: இருக்கானே. எதிர்ல உக்காந்து இமைச்சுட்டிருக்கான்.

தம்பி: கிண்டல் பண்ணு. நாப்பது பேர் வேலை பாக்கறாங்க. இவங்க பின்வாங்கினா மாசக் கடைசில ஷட்டர இழுத்துட வேண்டியதுதான்.

அக்கா: உங்க பொதுப் பதிவேட்டப் பாத்தேன்.

தம்பி: எத...?

அக்கா: யார் எப்ப சம்மதிச்சாங்கன்னு ஊரே பாக்கற மாதிரி போட்டிருக்கியே, அத. யாராலும் அழிக்க முடியாதுன்னு பெருமையா வேற எழுதியிருக்க. என் பேர் மூணு இடத்துல இருக்கு.

தம்பி: அதெல்லாம் சின்னச் சின்ன மாத்தம்...

அக்கா: மூணாவது, என் ஆபரேஷன் அன்னைக்கு. பதினொண்ணே காலுக்கு. அப்ப நான் மயக்கத்துல இருந்தேன்.

தம்பி: ஒருத்தன் எங்களப் பத்திக் கண்டபடி எழுதிட்டிருந்தான்க்கா. அவன் கணக்க மூணு நாள் பூட்டி வச்சேன். அப்புறம் திறந்துட்டேன்.

அக்கா: அவன் வீட்டுப் பத்திரம் அதுலதான் இருந்துச்சா?

தம்பி: ...இருந்துச்சு.

அக்கா: நீ ஆபரேஷன் தியேட்டர் வாசல்லயே லேப்டாப்போட உக்காந்திருந்தியாம். பச்சத்தண்ணி குடிக்கலையாம். என் மேல அவ்ளோ பாசம்னு அம்மா சொல்லிச் சொல்லி அழுதாங்க.

தம்பி: பாசம் இல்லங்கிறியா?

அக்கா: சொல்லல. ரெண்டும் இருந்திருக்கும்.

தம்பி: அக்கா...

அக்கா: முந்தின நாள் கேட்டிருக்கலாமே.

தம்பி: நீ வேண்டாம்னு சொல்லியிருப்ப.

அக்கா: வேண்டாம்னா வேண்டாம்னு சொல்றதுக்குத்தான அஞ்சு பேர்ல என் பேரையும் போட்ட?

தம்பி: சரி, திட்டு. வீட்டுக்கு வந்தும் திட்டு. நாலு மணிக்கு மட்டும் 'ஆமா, நான்தான்'னு சொல்லிடு. ஒரே ஒரு வார்த்தை. சொல்லுவதான?

அக்கா: நாலு மணிக்கு அவங்க கூப்பிட மாட்டாங்கடா. காலைல கடை திறக்கும்போதே பேசிட்டாங்க. அந்தப் பதினொண்ணே கால் மணிச் சம்மதத்தப் பத்தித்தான் மொதல்ல கேட்டாங்க... மயக்கத்துல இருந்தேன்னு சொல்லிட்டேன். திரும்பக் கூப்பிட்டு மாத்திச் சொல்ல மாட்டேன்.