உட்கார வந்தவர்

மச்சினி: கோட்டைக் கழட்டாதீங்க அத்தான். யாராவது பார்த்துடப் போறாங்க.

கொத்தனார்: வேர்த்துக் கொட்டுது... சட்டை முதுகோட ஒட்டிக்கிச்சு. இதைத் தச்சவன் மனுஷனுக்கா தச்சான், ஜன்னலுக்குத் திரை தச்சிருக்கான்.

மச்சினி: இருக்கட்டும். அந்தத் தூண் பக்கத்துல அரசு வக்கீல் நிக்கிறார், இங்கயேதான் பார்க்கிறார். சிரிக்காதீங்க.

கொத்தனார்: நான் எங்க சிரிச்சேன்? நீதான் வாயைப் பொத்திக்கிட்டுக் குலுங்குற.

மச்சினி: வணக்கம் வைக்கிறார்... தலையை ஆட்டுங்க. லேசா... லேசான்னா லேசா அத்தான், பூம்பூம் மாடு மாதிரி ஆட்டாதீங்க.

கொத்தனார்: போயிட்டாரா?

மச்சினி: போயிட்டார். ஐயோ சாமி... சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது.

கொத்தனார்: உனக்குச் சிரிப்பு, மாட்டினா உதை எனக்குத்தான். நான் என்ன தப்பு பண்ணேன் சொல்லு. நம்ம வக்கீலம்மா சொன்னதைக் கேட்டேன், அவ்வளவுதான். நல்லபடியா உடுத்திட்டு வாங்க, கோர்ட்டுக்குள்ள யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீங்கன்னாங்க.

மச்சினி: உங்க வாய் அப்படி. ஜெயில் வாசல்ல காவலாளியைப் பார்த்து நீங்க கேட்ட கேள்விக்கு, உங்களையும் உள்ள வச்சிருக்கணும்.

கொத்தனார்: என் பொண்டாட்டியைப் பார்க்க வந்தவனை வெயில்ல நிக்க வச்சா கேக்காம என்ன பண்றது? சரி, அதை விடு. நல்லபடியா உடுத்தணும்னாங்களேன்னு சலவைக் கடைக்காரன்கிட்டப் போனேன். யாரும் வாங்க வராத கோட்டு ஒண்ணு கிடக்கு, போட்டுக்கோன்னான். போட்டேன். நேரா வேலை நடக்கிற இடத்துக்குப் போய் மேஸ்திரிகிட்ட லீவு சொல்லிட்டு இங்க வந்தேன்.

மச்சினி: கழுத்துல பாஸோட.

கொத்தனார்: அதைக் கழட்ட மறந்துட்டேன். அது இல்லாம வேலை இடத்துக் கேட்டுக்குள்ள விடமாட்டான், தினமும் மாட்டி மாட்டிக் கழுத்துலயே ஒட்டிப்போச்சு.

மச்சினி: நீல ரிப்பன், பிளாஸ்டிக் அட்டை. அதுவும் திரும்பிக்கிட்டு, பேரு தெரியாம. ஊரே எதிர்பார்க்குது வெளிநாட்டுலேர்ந்து மனித உரிமைச் சங்கத்து ஆள் வர்றாருன்னு. நீங்க கோட்டும் பாஸுமா படியேறுறீங்க, யார் என்ன கேட்டாலும் பேசமாட்டேங்கிறீங்க... எப்படி இருக்கும்?

கொத்தனார்: அந்தக் கோர்ட்டுச் சேவகர் வந்து முழங்கையைப் பிடிச்சார். 'வாங்க சார், வாங்க சார்'னு கூட்டிட்டுப் போய் முன்னால தனியா ஒரு நாற்காலியில உட்கார வச்சுட்டார். பெஞ்சு இல்ல, நாற்காலி. மெத்தை வச்சது.

மச்சினி: நான் பின்னாலேர்ந்து பார்க்கிறேன், யாருடா இது அத்தான் மாதிரி இருக்கேன்னு.

கொத்தனார்: ஆமா... உட்காரறதுக்குன்னே ஒரு சங்கமா?

மச்சினி: எத்தனை தடவை சொல்றது. உலகம் பூரா இப்படிப் பல சங்கம் இருக்கு. ஒண்ணு ஜெயிலுக்குள்ள போய்ப் பார்க்கும். ஒண்ணு காணாமப்போனவங்களைத் தேடும். நான் எழுதிப் போட்டேனே, அது கோர்ட்ல வந்து உட்காரும். பேசமாட்டாங்க, தலையிடமாட்டாங்க. சட்டப்படி நடக்குதான்னு பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

கொத்தனார்: அதைத்தான் நானும் பண்ணேன்.

மச்சினி: நீங்க சுவத்தைத்தானே பார்த்தீங்க.

கொத்தனார்: நீயே பாரு போய். கூண்டுக்குப் பின்னால பூச்சு உப்பிக்கிட்டு நிக்குது, எப்ப விழும்னு தெரியாது. மழை ஈரம் ஓதமா இறங்கி நாசமாப் போயிருக்கு, அது மேல சுண்ணாம்பை அடிச்சு மறைச்சு வச்சிருக்கான். என்னால தாங்க முடியலை. தலையை ஆட்டினேன்.

மச்சினி: அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் கூண்டுல நின்னு 'நாங்க வாரண்டோடதான் போனோம்'னு சொல்றார்.

கொத்தனார்: எனக்கு எப்படித் தெரியும்? நான் 'ச்ச... இப்படியா பண்ணுவான்'னு நினைச்சுட்டு ஆட்டினேன்.

மச்சினி: அவர் உங்களைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போச்சு. 'வாரண்டு வந்து... பின்னால வாங்கிக்கலாம்னு இருந்தோம்'னார். வக்கீலம்மா விடுவாங்களா? அக்கா தைக்கிற கம்பெனியில தீப்பிடிச்சா வெளிய போற கதவு பூட்டியிருந்துச்சா இல்லையான்னு அடுத்த கேள்வி.

கொத்தனார்: அப்ப நான் அந்த மூலை விரிசலைப் பார்த்துட்டு இருந்தேன்.

மச்சினி: புருவத்தைத் தூக்கிக்கிட்டுப் பார்த்தீங்க. அவர் 'பூட்டித்தான் இருந்துச்சு'ன்னுட்டார். அந்தக் கதவுத் தாழ்ப்பாளைக் கத்திரிக்கோலால நெம்பித் திறந்ததுக்காக அக்காவை உள்ள தள்ளினவர், அவர் வாயாலயே சொல்லிட்டார். உண்மை வெளிய வந்துச்சு அத்தான், உங்க விரிசலால.

கொத்தனார்: உங்க அக்கா என்னைப் பார்த்தாளே... அவ முகத்தைப் பார்த்தியா?

மச்சினி: பார்க்காம? கோட்டைப் பார்த்துச்சு, பாஸைப் பார்த்துச்சு, முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு அப்படியே குனிஞ்சுடுச்சு. தோள் ரெண்டும் குலுங்குது. பாவம் அழறாங்கன்னு ஜட்ஜ் தண்ணி குடுக்கச் சொல்லிட்டார்.

கொத்தனார்: பிடிச்சுட்டுப் போனதுலேர்ந்து இன்னிக்குத்தான் சிரிச்சிருக்கா... சரி, சாப்பாடு முடிஞ்சதும் உத்தரவுன்னாங்களே. விட்டுடுவாங்களா?

மச்சினி: விடணும். சட்டப்படி விட்டே ஆகணும்னு வக்கீலம்மா சொன்னாங்க. ஆனா சட்டப்படி பிடிச்சிருக்கவே கூடாதே, பிடிச்சாங்கல்ல... ஷ்ஷ். சேவகர் வர்றார். வாயை மூடுங்க.

சேவகர்: சாருக்கு டீ கொண்டு வந்தேம்மா. நீ இவரோட மொழிபெயர்ப்பாளரா?

மச்சினி: ஆங்... ஆமா.

சேவகர்: சர்க்கரை எவ்வளவு போடணும்னு கேட்டுச் சொல்லு.

மச்சினி: சார்... டோனர் லோ? பேப்பர் ஜாம்?

கொத்தனார்: ம்.

மச்சினி: ரெண்டு கரண்டி போதுமாம்.

சேவகர்: நல்ல பாஷை. எந்த நாடும்மா?

மச்சினி: அது... குளிர் நாடு.

சேவகர்: அதான் கோட்டு. சரி, டீயை வச்சுட்டுப் போறேன். கீழ ஒரு வேலை இருக்கு, முடிச்சுட்டு வந்து கூப்பிடறேன். அதே நாற்காலிதான்.

கொத்தனார்: ...போயிட்டாரா? என்னடி பேசின நீ? அது என்ன டோனர்?

மச்சினி: எங்க ஜெராக்ஸ் கடை மெஷின்ல வர்றது. எனக்கு அந்த இங்கிலீஷ்தான் தெரியும். சிரிக்காதீங்க அத்தான், டீ கோட்டு மேல சிந்துது.

கொத்தனார்: பேப்பர் ஜாமாம்... அட கடவுளே... இரு, உன் ஃபோன் அடிக்குது.

மச்சினி: வக்கீலம்மா அனுப்பியிருக்காங்க. அத்தான்...

கொத்தனார்: என்ன?

மச்சினி: நிஜமான ஆள் ஊருக்கு வந்து இறங்கிட்டாங்களாம். காலையில விமானம் தாமதமாம். இப்ப டாக்ஸியில வந்துட்டு இருக்காங்க, உத்தரவு வாசிக்கிறதுக்குள்ள வந்துடுவாங்க.

கொத்தனார்: போச்சு.

மச்சினி: ஒண்ணும் போகலை. நீங்க இப்படியே பின்பக்கமா நழுவிப் போயிடுங்க. அவங்க வந்து உட்காரட்டும்.

கொத்தனார்: அப்ப காலையில உட்கார்ந்தது யாருன்னு கேக்கமாட்டானா அந்த இன்ஸ்பெக்டர்? தேடிப் பிடிச்சா, புருஷன் ஆள்மாறாட்டம் பண்ணி மிரட்டினான்னு சொல்லுவான். காலையில சொன்னதெல்லாம் பயத்துல சொன்னேன்னு மாத்திடுவான். உங்க அக்கா திரும்ப உள்ள போயிடுவா.

மச்சினி: நீங்க யாரையும் மிரட்டலையே. யாருன்னும் சொல்லலையே.

கொத்தனார்: நான் சொல்லலை. நீ குளிர் நாடுன்னு சொன்னியே.

மச்சினி: ...ஆமால்ல.

கொத்தனார்: திரும்ப அங்க போய் உட்கார்ந்தாலும் மாட்டுவேன். ஓடினாலும் மாட்டுவேன். கலவை கையிலேயே இறுகிப்போன மாதிரி ஆயிடுச்சு. பொண்ணு வேற காலையில, 'அப்பா நீ பின்னிவிடற சடையைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறாங்க, இன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டு வந்துடு'ன்னு சொல்லிட்டுப் போச்சு...

மச்சினி: அழாதீங்க அத்தான். நீங்க அழுதா எனக்கும் வரும்.

கொத்தனார்: அழலை. உங்க அக்கா எதுக்கு உள்ள போனா? பூட்டின கதவைத் திறந்து வச்சிருந்தோம்னு அந்தக் கம்பெனிக்காரன் கையெழுத்து கேட்டான். பொய்க்குக் கையெழுத்துப் போடமாட்டேன்னா, உடனே கதவை உடைச்சதா கேஸ் குடுத்துட்டான். அவளை வெளிய கொண்டுவர நான் பொய்யா போய் உட்கார்ந்தேன்னு தெரிஞ்சா, வீட்டுக்கு வந்து என்னை வெளிய தள்ளிக் கதவைச் சாத்துவா.

மச்சினி: அதுக்கு?

கொத்தனார்: சேவகர்கிட்டச் சொல்லிடறேன். அவரே போய் ஜட்ஜ்கிட்டச் சொல்லட்டும். நடந்தது நடந்தபடி.

மச்சினி: கொஞ்ச நேரம் பொறுங்க. உத்தரவு வந்தப்புறம் சொல்லிக்கலாம்.

கொத்தனார்: அப்புறம் சொன்னா அது ஏமாத்து. இப்ப சொன்னா முட்டாள்தனம். முட்டாளா இருந்துட்டுப் போறேன், எனக்குப் பழக்கம்தான்.

மச்சினி: அத்தான், அவர் படியேறி வர்றார்... கோட்டையாவது மாட்டுங்க...

கொத்தனார்: வேணாம், கையில இருக்கட்டும்.

சேவகர்: சார் கிளம்பலாமா? கேட்டுச் சொல்லும்மா.

கொத்தனார்: அந்தப் பொண்ணைக் கேக்காதீங்க ஐயா, எனக்கே பேசத் தெரியும். நான் வெளிநாட்டு ஆள் இல்ல. கொத்தனார். உள்ள கூண்டுல நிக்கிற தையல்காரி என் பொண்டாட்டி. நீங்க நாற்காலி போட்டீங்க, நான் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். இவ பேசினது மெஷின் பாஷை. என் மேல என்ன கேஸ் வேணா போடுங்க. அவ மேல மட்டும் கோவிச்சுக்க வேணாம்னு ஜட்ஜ் ஐயாகிட்டச் சொல்லிடுங்க.

மச்சினி: என் மேலயும் போடுங்க.

சேவகர்: மெதுவாய்யா, தூணுக்கெல்லாம் காது கேக்குது. டீயைக் குடிங்க முதல்ல, ஆறிப்போகுது. மழைக்கு முன்னாடி ஒரு வீட்டு மொட்டை மாடி பூசினீங்களே, ஞாபகம் இருக்கா? பனியனோட ஒருத்தர் ஈரத்துல கால் வைக்க வந்தார். 'கண்ணை எங்கய்யா வச்சிருக்க, கீழ போய் நில்லு'ன்னு விரட்டினீங்க, அவரும் போய்க் கீழ நின்னார். அவர்தான் எங்க ஜட்ஜ் ஐயா. காலையில நீங்க கோட்டும் பாஸுமா படியேறினதை ஜன்னல்லேர்ந்து பார்த்துட்டு என்னைக் கூப்பிட்டார். 'இவர் இன்னிக்குப் பேசமாட்டார்ல?'ன்னார். கேட்டா தலையைத்தான் ஆட்டறார் ஐயான்னேன். 'அப்ப முன்னால நாற்காலி போடு, இன்ஸ்பெக்டர் கண்ணுல படட்டும்'னார். உங்க சம்சாரத்தை விட்டுடாதீங்கன்னு மேலேர்ந்து அவருக்குக் காலையில பூரா ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு... வெளிநாட்டுச் சங்கம் வர்ற நாள்ல நான் சட்டப்படிதானே போகணும்னு அத்தனை பேருக்கும் ஒரே பதில். யாராவது பார்த்துட்டு இருந்தா அவருக்கும் தெம்பா இருக்கும்ல? டாக்ஸியில வர்ற அம்மாவுக்கு அந்த நாற்காலி, உங்களுக்கு இனிமே பெஞ்சு. உத்தரவை நான் என் வாயால சொல்லக் கூடாது... கீழ வேலைன்னு போனேனே, அது ஜெயில் வேன் டிரைவரைப் பார்க்கத்தான். சாயங்காலம் திரும்பும்போது ஒரு ஆள் குறைச்சலாத்தான் ஏத்தணும்னு சொல்லிட்டு வந்தேன்.