பதினெட்டாம் பக்கத்து மணப்பெண்

முதலில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், படோபாபு, இந்தப் போலீஸ் ஸ்டேஷனின் பெரியவரே.

மணப்பெண் ஜூதிகா, மரப்பலகையில் உட்கார்ந்தபடி, இரண்டு வெற்றிலைகளால் முகத்தை மூடிக்கொண்டு. பலகையைத் தூக்கிச் சுமந்த சொந்தக்காரப் பையன்கள் நான்கு பேர். மாப்பிள்ளை நிர்மால்ய, தடித்த கண்ணாடியைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டு. புரோகிதர். சங்கு ஊதிய பெண்கள் இருவர், அதில் ஒருத்தி ஜூதிகாவின் அக்கா கேதகி. வீடியோ எடுக்கிற தபஸ், தோளில் வயர் இழுத்த பெரிய விளக்கோடு. பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்த நூறு பேர். அப்புறம் நான், போட்டோ எடுக்க.

இல்லாதவர் ஒருவர். மாப்பிள்ளையின் அம்மா சுலேகா. எங்கள் வங்காளி வழக்கத்தில் மகன் கல்யாணத்தை அம்மா கண்ணால் பார்ப்பதில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டு, மருமகள் வாசலுக்கு வந்த பிறகுதான் பார்ப்பாள். அந்தக் கல்யாணத்தில் என்ன நடந்தது என்பது அவருக்கு என் ஆல்பத்திலிருந்துதான் தெரியும்.

என்ன கேமரா என்று அடுத்துக் கேட்டீர்கள். கேட்டதற்கு நன்றி. யாரும் கேட்பதில்லை.

கொல்கத்தா சால்ட் லேக்கில் விடிய விடியக் கம்ப்யூட்டர் பார்க்கும் வேலையை விட்டபோது என்னிடம் இருந்தது ஒரு பழைய கேமராவும் அதனோடு சும்மா வந்த லென்ஸும். அந்த லென்ஸ் பகலில் தங்கம். பொழுது சாய்ந்தால் குருடு. எங்கள் ஊர்க் கல்யாணங்களோ பொழுது சாய்ந்த பிறகுதான். ஃபிளாஷ் அடிக்கலாம் என்பீர்கள். வெற்றிலை பளபளப்பானது. ஃபிளாஷ் அடித்தால் மணப்பெண் முகத்துக்கு முன்னால் இரண்டு டியூப்லைட் பிடித்திருப்பது போல வரும். இருட்டிலும் தெளிவாக எடுக்கிற பெரிய கேமரா வாங்கலாம். அதற்கு நானே யாரையாவது பணக்கார வீட்டில் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

தர்மதலாவில் பழைய கேமரா விற்கிற சந்தில் ஒரு கடைக்காரர் என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார். "ஹரூ-தா, பெரிய மாட்டை விடுங்க. இந்த சின்ன அம்பது எம்.எம். லென்ஸ் எடுத்துக்கோங்க. நல்லா அகலமா வாய் திறக்கும், ஒண்ணு புள்ளி எட்டு. பூனைக்கண்ணு. அகல் விளக்குல ஈ உட்கார்ந்தாலும் தெரியும்."

"சின்ன முற்றத்துல இதை வெச்சு நான் எங்க போய் நிக்கிறது? ரொம்பக் கிட்ட இழுக்குமே."

"பக்கத்து வீட்டுல நில்லுங்க. யார் வேண்டாங்கறா?"

வாங்கினேன். பணம் குறைவாக உள்ளவன் வாங்கக்கூடிய சரியான லென்ஸ் அது. இன்றைக்கும் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

வாங்கிய பிறகு ஒரு வருத்தம். தபஸ் தன் விளக்கைப் போட்டால் முற்றமே மீன் சந்தை மாதிரி வெளுத்துவிடும். அந்த வெளிச்சத்தில் போனில் எடுக்கிறவனுக்கும் எனக்கும் ஒரே படம்தான். பூனைக்கண்ணுக்கு வேலை இல்லை. ஜூதிகாவின் கல்யாணம் கோதூளி லக்னத்தில், மாடு திரும்பும் நேரம். வானத்தில் கொஞ்சம் நீலம் மிச்சம் இருந்தது. சுற்றிலும் அகல் விளக்குகள். பலகையைத் தூக்கும்போது நான் படிக்கட்டுக்கு அடியில் போய் மெயின் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆமாம், அது நான்தான். மின்வாரியத்தைத் திட்டி நீங்கள் எழுதிய வரியை அடித்துவிடுங்கள்.

மூன்று நிமிட இருட்டு, அப்புறம் நானே திரும்ப மாட்டிவிட்டேன். பையன்கள் மணப்பெண்ணை மாப்பிள்ளையைச் சுற்றி ஏழு முறை தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்க மிக அழகாக இருந்தது. படத்தில் ஒன்றும் வரவில்லை. நான்கு பையன்களும் நான்கு உயரம், பலகை படகு போல ஆடியது. லென்ஸை முழுதாகத் திறந்தால் ஒரு வெற்றிலையின் நரம்பு மட்டும் தெளிவாக வரும், மற்றதெல்லாம் புகை. கேமராவின் வெளிச்ச உணர்வைக் கூட்டினால் படம் முழுக்கக் கசகசா தூவியது போல. ஏழு சுற்றுக்கும் ஏழு படம். ஏழும் குப்பை.

இந்த இடத்தில் மற்றவன் அழுவான். எனக்கு முன்பே ஒரு வழி தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் சாந்திப்பூரில் ஒரு கல்யாணத்தில், இரவல் வாங்கிய விலை உயர்ந்த கேமராவில் ஒரே ஒரு படம் எடுத்தேன். சிவப்புப் பனாரஸி, தலையில் வெள்ளைக் கிரீடம், முகத்தில் இரண்டு வெற்றிலை, கீழிருந்து விளக்கு வெளிச்சம். கடவுள் வந்து பிடித்துக் கொடுத்த மாதிரி. யோசித்துப் பாருங்கள். எல்லா மணப்பெண்ணுக்கும் சிவப்புப் புடவை. எல்லோர் முகத்திலும் வெற்றிலை. அந்த ஒரு நிமிஷத்தில் வங்காளத்துப் பெண்கள் அத்தனை பேரும் ஒரே பெண். நான் அதை நாற்பத்தொரு ஆல்பங்களில் வைத்தேன், எப்போதும் பதினெட்டாம் பக்கத்தில். நாற்பத்தொரு வீட்டிலும் அம்மாக்கள் அதைப் பார்த்து, "ஐயோ, என் பொண்ணு கண்ணு எப்படி சிரிக்குது பாரு" என்றார்கள். கண் வெற்றிலைக்குப் பின்னால் இருந்தது. எந்த லென்ஸாலும் கொடுக்க முடியாததை நான் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மகள் கல்யாணமும் நான் எடுத்ததுதானே? சரி, அதைப் பற்றி இப்போது வேண்டாம். எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா சுலேகாவை மாஷிமா என்பேன், நம் பெரியம்மா மாதிரி. அவருக்கு ஜூதிகா ஆல்பத்தின் பதினெட்டாம் பக்கம் மிகவும் பிடித்துவிட்டது. மூன்றடிக்குப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டச் சொன்னார். என் தவறு அதுதான், பெரிதாக்கியது. ஆல்பத்தில் தெரியாதது சுவரில் தெரிந்தது. இடது கையில், வளையல்களுக்கு மேலே, அரை நிலா போல ஒரு தீக்காயத் தழும்பு. ஜூதிகாவின் கையோ உரித்த வாழைத்தண்டு மாதிரி இருக்கும்.

அதே வாரம் நிர்மால்ய ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். படத்தையும் உடைந்த காலையும் மாஷிமா ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் போனபோது இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தது. டீ நன்றாக இருந்தது.

"மூத்தவளுக்குச் செவ்வாய் தோஷம்னு ஊரே பேசுது" என்றார் மாஷிமா. "முப்பத்தினாலு வயசாகியும் கட்டிக்க ஆள் வரலை. அதுக்குத்தான் இருட்டைப் போட்டு, அவளைப் பலகையில ஏத்தி, என் பையனை ஏழு சுத்து சுத்தி தோஷத்தை அவன் தலையில இறக்கிட்டாங்க. வெளிச்சம் வந்ததும் சின்னவளை மாத்தி உட்கார வெச்சிருக்காங்க."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்த இருட்டு என்னுடையது. பெயர் அவர்களுக்குப் போனது.

"நான் சங்கு ஊதிட்டிருந்தேன்" என்றாள் கேதகி.

"இருட்டுல சங்கை யார் வேணா ஊதலாம். இடது கையை நீட்டு பார்ப்போம்."

கேதகி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சேலைத் தலைப்பை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் கை என்ன கத்திரிக்காயா, சொத்தை இருக்கான்னு திருப்பித் திருப்பிப் பார்க்க? நீட்ட மாட்டேன்."

"பார்த்தீங்களா" என்றார் மாஷிமா எல்லோரையும் பார்த்து.

"டேய், நீ பார்த்தியே, சொல்லு" என்று மாப்பிள்ளையின் மாமா நிர்மால்யவைக் கேட்டார். அவன் மாவுக்கட்டுக் காலைப் பார்த்துக்கொண்டு, "கண்ணாடி இல்லை மாமா. சிவப்பா ஏதோ தெரிஞ்சுது" என்றான்.

ஜூதிகா என் பக்கம் திரும்பினாள். கத்தவில்லை. "ஹரூ-தா, அது என் கை இல்லை. கேதகி தீதி கையும் இல்லை. அது வேற யாரோ. உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் இந்த வீட்டுல இருந்துடுவேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தைதான். ஆனால் அதற்குப் பின்னால் நாற்பத்தொரு வீடு. அடுத்த முகூர்த்த மாதமான அக்ரஹாயணத்துக்குப் பன்னிரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணை அவள் அப்பா வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால், அங்கே சோறு இருக்கிறது, அக்கா இருக்கிறாள். என்னைத் திருப்பி அனுப்பினால் சால்ட் லேக்கின் இரவு வேலை. நான் நியாயமாகத்தான் நிறுத்துப் பார்த்தேன்.

"நான் எடுக்காத படத்தை ஆல்பத்துல வைக்கிற பழக்கம் எனக்கில்லை" என்றேன்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். வேண்டுமானால் சாந்திப்பூரில் விசாரியுங்கள்.

அதன் பிறகு கேதகி வீடு வீடாகப் போய் ஆல்பங்களைச் சேர்த்திருக்கிறாள். பதினொன்று உங்கள் மேசையில் இருக்கிறது, எல்லாம் பதினெட்டாம் பக்கத்தில் திறந்து. கணக்கு டீச்சர் இல்லையா. அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அவள் கொடுத்த இந்தப் புகாரில் ஒரு வரி மட்டும் சரியில்லை. மருமகளை வெளியேற்ற நானும் உடந்தை என்று எழுதியிருக்கிறாள். அது அநியாயம்.

நடந்தது இதுதான். ஜூதிகா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மாஷிமாவைக் கும்பிடப் போனாள், அவர் காலை இழுத்துக்கொண்டார். "போ பௌமா" என்றார். பழக்கதோஷம், மருமகளே என்று வாயில் வந்துவிட்டது. கேதகி முன்னால் இறங்கினாள், ஜூதிகா பின்னால். வாசலில் நின்று ஒருமுறை திரும்பி, நிர்மால்யவைப் பார்க்காமல், என்னைப் பார்த்தாள். அந்த வெளிச்சத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை.

நான் யாரையும் தள்ளவில்லை, படோபாபு. ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான். மாஷிமாவுக்கு மூட்டுவலி, எழுந்து வர முடியாது. சாவியை என்னிடம் நீட்டினார். பெரியவர் கேட்கும்போது எப்படி மறுப்பது? இரண்டு கதவையும் சேர்த்துச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். பூட்டினேன்.