ஈரம் கோத்த நார்த்தூள்

கோழிக் கொட்டகைத் தரையில் பரப்பியிருக்கும் தேங்காய் நார்த்தூளை ஒரு பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தாலே வளர்க்கிறவன் லட்சணம் தெரிந்துவிடும் ஐயா. கையை விரித்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் கோத்துவிட்டது, அவன் சோம்பேறி. என் தம்பி அன்புமணியின் கொட்டகையில் நார்த்தூள் அடை அடையாகத் தட்டிக் கிடக்கும்.

வடமதுரைக்கு மேற்கே எங்கள் தோட்டத்தில் இரண்டு கொட்டகை, நாட்டுக்கோழி வளர்க்கிறோம். மேல் கொட்டகை எனக்கு, கீழ்க் கொட்டகை அவனுக்கு. நான் தினமும் முள்வாரியால் கிளறிவிடுவேன். அவன் ஒழுகுகிற தண்ணீர்க் குழாயைக்கூடத் திருகி அடைக்க மாட்டான். சின்ன வயதிலிருந்தே இளைப்பு, தூசி ஆகாது என்று அதையே சாக்குச் சொல்வான். இன்ஹேலர் அவன் சட்டைப் பையை விட்டு நகராது.

ஐப்பசி மழையில் அவன் கோழிகளுக்குக் கால் வெந்து புண்ணாகிவிட்டது. கண் திறக்க முடியாமல் மூலையில் குறுகி நின்றன.

"ஏலே, அதுக கண்ணப் பாருடா" என்றேன்.

"கோழிதானண்ணே. குப்பையக் கிளறுறதுதான அது பொழப்பு. அதுக்கென்ன பஞ்சு மெத்தையா போடுறது?" என்று சிரித்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவன் சாப்பிடப் போய்விட்டான். எனக்கு மட்டும் அன்று சோறு இறங்கவில்லை.

எச்சம் ஊறிய ஈர நார்த்தூளில் சுண்ணாம்பைத் தூவினால் கண்ணைக் கரிக்கிற நெடி கிளம்பும். எங்கள் பக்கம் கோழி வளர்க்கிற எல்லோருக்கும் அது தெரியும். அதனால்தான் முதலில் பக்கத்துப் படுதாக்களைச் சுருட்டிக் காற்றை விட்டு, அப்புறம் சுண்ணாம்பைத் தொடுவோம். அந்த வாயில்லா ஜீவன்கள் பொழுதெல்லாம் முகர்ந்து கிடந்த நெடியை இவனும் செத்த நேரம் முகரட்டுமே என்று நினைத்தேன். திருந்துவான் என்றுதான்.

மறுநாள் காலையில் அடையை வெட்டி அள்ளச் சொன்னேன். சட்டையைக் கழற்றிக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனான். அவன் பின்னாலேயே சுண்ணாம்பைத் தூவிக்கொண்டு போனேன். தாராளமாகவே தூவினேன். அவனுக்கு இருமல் வந்தது.

"அண்ணே, படுதாவ ஏத்துண்ணே."

சாரல் அடிக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, ஏற்றியிருந்த ஒரு படுதாவையும் இறக்கினேன். கதவுக்குக் கொக்கி போட்டேன். நாய் புகுந்துவிடும் என்று எப்போதும் போடுகிற கொக்கிதான்.

ஆணியில் கிடந்த அவன் சட்டை நனையக் கூடாதே என்று எடுத்துக்கொண்டேன். கதவைத் தட்டினான். பிறகு கம்பி வலையைப் பிடித்து ஆட்டினான். நான் முள்வாரியைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆட்டம் நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்தேன். அவசரப்பட்டுத் திறந்தால் பட்டும் திருந்தாத ஆளாகிவிடுவான்.

அவன் மனைவி ஆனந்தி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். "அவுக எங்க மாமா?"

"உள்ள வேல செய்றான்த்தா."

கொக்கியை எடுத்தது அவள்தான். அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அவளை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கூடப்பிறந்தவனைக் கொல்ல நினைக்கவில்லை ஐயா, புத்தி வரட்டும் என்றுதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த நெடி ஆளைக் கொல்லும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. 'நாய்க்குப் பயந்து கொக்கி போட்டாயே மலைச்சாமி, உள்ளே ஒரு கோழிகூட இல்லையே' என்று கேட்கிறீர்கள். அன்று விடியும்போதே அதுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி என் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். அங்கேயே விட்டிருந்தால் அந்த நெடிக்கு ஒன்றுகூடப் பிழைத்திருக்காது.