பியூஸ் போன லைட்டு

— விழுப்புரம் ஸ்டேஷன்னு சொல்லிட்டு கெடார் ரோட்டுல வண்டிய உடற. ஒன்னத்தான் கேக்கறேன், சகாயராஜ்.

— ரயிலுக்கு நேரம் இருக்குதுக்கா. எறங்கு.

— பொழுது போற நேரத்துல மல்லாட்டைச் செடி போட்ட கொல்லையில எறங்கி இன்னா பண்றது? காலையில திருப்பூரு கம்பெனியில வேலைக்கு நிக்கணும் நானு. எங்க ஊட்டுக்காரரு வேற இந்த வழியாதான் போவாரு வருவாரு. கண்ணுல பட்டா பேஜாரு.

— மாமா இன்னிக்கு வளவனூருல. கல்யாண ஊட்டுக்கு சீரியல் லைட்டு செட்டு கட்டிக்கினு இருக்காரு.

— அந்தாளு எங்க இருந்தா ஒனக்கு இன்னா? நீ பேசிக்கினு இருக்கியா?

— நேத்துல இருந்து பேசறேன். மொதல்ல இதுல சுத்தியிருக்கற துண்டப் பிரி.

— டியூப்லைட்டு. டேய், இது ஒங்க அடுப்பங்கரையில எரிஞ்சதுதானே? ரெண்டு முனையும் கருத்துப் போச்சின்னு நான்தான் கழட்டி மூலையில போட்டேன்.

— பியூஸ் போனதுதானே?

— சுத்தமா செத்துது. ஓ, இப்பப் புரியுது. அந்தக் குடிகாரக் கதைய எங்கிட்ட ஓட்ட வந்திருக்க.

— நீயே சொல்லு அந்தக் கதைய.

— ஒனக்குத் தெரியாததா? ஒங்க மாமா கோயில்ல மெழுகுவத்தி மேல சத்தியம் பண்ணாரு, இனிமே தொடமாட்டேன்னு. நானும் நம்புனேன். இருந்தாலும் தெனம் வாசப்படியில நிறுத்தி, 'ஊது'ன்னு சொல்லுவேன். பச்சப் புள்ளையாட்டம் வாயத் தொறந்து ஊதுவாரு. அப்புறம்தான் சோறு. நல்லாத்தான் போய்க்கினு இருந்துது. திடீர்னு ஒரு நாளு, மூச்சு வாங்க ஓடியாந்து, 'மேரி, கொல்லை வழியா வந்தேன், தோள்ல வச்சிருந்த பியூஸ் போன லைட்டு பூரா எரிஞ்சிது, ஒயரே இல்ல, கரண்டே இல்ல'ங்கறாரு. எந்தப் பொண்டாட்டி நம்புவா?

— அன்னிக்கு ஊதச் சொன்னியா?

— அதான் ஒளர்றாரே, ஊத வேற சொல்லணுமா? கதவ அடிச்சி சாத்தனேன். விடிஞ்சதும் திண்டிவனத்துக்கு பஸ் ஏறி ஒன் ஊட்டுக்கு வந்துட்டேன்.

— அவரும் ரெண்டு தடவ வந்தாரு, லைட்டத் தூக்கிக்கினு. நீ வெளிய வரல. நானும்தான் துரத்தனேன். சரி, நட. வரப்பு பாத்து வா.

— எங்கடா கூட்டிக்கினு போற? இது இன்னா சத்தம்? தேன்கூடு எதுனா கலைஞ்சி போச்சா?

— தேன்கூடு இல்லக்கா. மேல பாரு.

— கரண்டு டவரு. யப்பா, எம்மாம் பெரிய கம்பி. கம்பியா இப்படிப் பொரியுது?

— பனி எறங்கனா இப்படித்தான் பொரியும். சுத்தி இருக்கற காத்த அது கடிக்குது. இங்கியே நில்லு. லைட்ட ஒரு முனையில புடி, நெஞ்சு உயரம் போதும். மேல தூக்காத, அது பொல்லாதது. இன்னும் கொஞ்சம் இருட்டட்டும்.

— கை மயிரெல்லாம் நிக்குதுடா.

— நேத்து எனக்கும் நின்னுது. பயப்படாத, இப்பக் கையப் பாரு.

— ஏசுவே.

— உட்டுடாத, ஒடஞ்சிடும்.

— எரியுதுடா. சகாயராஜ், எரியுது. ஒயரு எங்க?

— இல்ல.

— நெலாவ ஒடிச்சிக் கையில குடுத்த மாதிரி இருக்குது. சூடே இல்ல. நான் இன்னா பண்ணனேன்னு இது எரியுது?

— கைய மெதுவா நடுவுக்கு நகத்து.

— கைக்குக் கீழ அணைஞ்சி போச்சி. மேல மட்டும் எரியுது.

— அத எரிய வைக்கறது ஒன் ஒடம்பு வழியாதான் தரைக்கு எறங்குது. நேத்து ஒம் பொண்ணு இசைவாணிதான் சொன்னா. கெட்டி, தண்ணி, காத்து, அதுக்கு மேல நாலாவதா ஒன்னு இருக்குதாம். பிளாஸ்மான்னு பேரு. மின்னல்லயும் சூரியன்லயும் இருக்கறது அதுதானாம். கொழாக்குள்ள இருக்கற காத்த கம்பி தூரத்துல இருந்தே இழுத்துப் பிச்சா, அது எரியுமாம். உள்ள இழை அறுந்திருந்தாலும் பரவால்லியாம்.

— எங்கிட்டயும் சொன்னா. அப்பனுக்கு வக்காலத்தா வாங்கறன்னு கன்னத்துல ஒன்னு உட்டேன்.

— அதுக்கப்புறம்தான் எங்கிட்ட வந்தா. நம்பாமதான் நேத்து நான் வந்தேன். குடிகாரன்னு அவர நான் எத்தினி பேருகிட்ட சொல்லியிருக்கேன்.

— நீ தம்பிடா, சொல்லிட்டுப் போற. நான் தாலி கட்டிக்கினவ. ஒரே ஒரு தடவ ஊதுன்னு கேட்டிருக்கலாம். எம்மாம் அதிசயத்தப் பாத்துட்டு ஓடியாந்தாரு அந்த மனுஷன். மொதல்ல எங்கிட்டதான் சொல்லணும்னு ஓடியாந்தாரு. நான் மூஞ்சியில கதவச் சாத்தனேன்.

— அழுவாத. அக்கா, ரயிலுக்கு நேரமாவுது. போலாமா?

— ரயிலு கெடக்குது. ஒன் போன எடு. அவருக்குப் போடு. என்னால முடியல, இத ஒரு கையில புடிச்சிக்கினு இருக்கேன்.

— ஸ்பீக்கருல போட்டிருக்கேன். பேசு.

— அலோ, சகாயராஜா? மேரி ரயில் ஏறிட்டாளா? சாப்புட எதுனா வாங்கிக் குடுத்தியா?

— நான்தாங்க.

— மேரி? இன்னாம்மா? ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்குது?

— கொல்லையில நிக்கறேன். டவருக்குக் கீழ. பியூஸ் போன லைட்டு கையில எரியுதுங்க. ஒயரே இல்ல. கரண்டே இல்ல.

— இரு, ஏணியில இருந்து எறங்கறேன்.

— கேக்குதுங்களா? நம்ம ஊட்டுக்கு வரட்டுங்களா?

— வா. ஆனா வாசப்படியில நின்னு ஊதிட்டுத்தான் உள்ள வரணும்.