ஆறங்குல உயரம்

உங்கள் நாற்காலி ஆடுகிறது சார். ஒரு காலுக்கு அடியில் அட்டையை நாலாக மடித்து வைத்தால் நின்றுவிடும். என் பிழைப்பும் கிட்டத்தட்ட அதுதான். ஜீப்போ லாரியோ, ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு கட்டை கொடுத்தால் வண்டி இரண்டு அங்குலம் எழும்பும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் கட்டை போதாது. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், பிரேக் ஹோஸ் எல்லாவற்றையும் நீளமானதாக மாற்ற வேண்டும். மொத்தமும் ஒரே பெட்டியில் வரும், லிஃப்ட் கிட் என்போம்.

மாமா, அதாவது என் அக்காவின் கணவர், ஐந்தடி இரண்டங்குலம்தான். வாய் மட்டும் ஆறடி. புது ஜீப்பை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மச்சான், ஒரு நாலு அங்குலம் தூக்கு. பக்கத்துல எவன் வந்து நின்னாலும் அவன் வண்டிக் கூரைதான் எனக்குத் தெரியணும்."

"நாலு என்ன மாமா நாலு. உங்களுக்கு ஆறுதான் எடுப்பா இருக்கும்" என்றேன். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நான் கோபக்காரன் இல்லை சார். பதினொரு வருடத்துக்கு முன் அக்காவின் புது வீட்டில் ஒரு விருந்து. அத்தனை பேர் முன்னாலும் மாமா என் தோளில் கையைப் போட்டு, "என் மச்சான் பெரிய கைராசிக்காரன். என்ன, நிமிந்து நின்னு ஒரு வேலை பாக்கத் தெரியாது. எல்லாம் வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டுத்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து எந்த விருந்தானாலும் அதே வேடிக்கைதான். இன்ஜின் ஆயிலைக்கூட வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறோம்.

அக்கா பாவம். இந்த மனிதரோடு எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று நினைப்பேன். அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லத் தெரியாதவள். அவளுக்கும் சேர்த்து நான்தான் குறைப்பட வேண்டியிருந்தது.

வேலையை மூன்று நாளில் முடித்தேன். பெட்டியில் வந்த நீளமான பிரேக் ஹோஸ்களை மட்டும் மாட்டவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள், என் தொழிலுக்கு அது அவமானம். அலமாரியில் மூன்றாவது தட்டில், துணி சுற்றி வைத்திருக்கிறேன். பழைய ஹோஸ் சமமான சாலையில் சமத்தாகத்தான் இருக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போதுதான் எட்டாமல் இழுபட்டு அறும். அப்புறம் பிரேக் பிடிக்காது. மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குன்றுப் பாதைக்குப் போவார். அதுவும் தனியாக. வேறு யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஆகக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

முக்கியமாக அக்காவுக்கு. அவளுக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது. நாலு அங்குலம் என்றால் கதவைப் பிடித்துக்கொண்டு எப்படியோ ஏறிவிடுவாள். ஆறு என்றால் முடியாது. அவள் வீட்டு மாடிப்படியை டேப் வைத்து அளந்து பார்த்துத்தான் அந்தக் கணக்குக்கு வந்தேன். ஏறுவதற்குப் பக்கவாட்டில் ஒரு படி வைக்கச் சொன்னார் மாமா. "அழகு கெட்டுரும் மாமா" என்றேன். அழகு என்றதும் விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"டேய், நான் எங்க இருக்கேன் சொல்லு பாப்போம். ஜீப்புக்குள்ள. உங்க மாமா வாசல்லயே மண்டி போட்டு குனிஞ்சிட்டாருடா. முதுகுல கால வச்சு ஏறுங்கிறாரு. தெருவே வேடிக்கை பாக்குது, எனக்கு ஒரே வெக்கம். இன்னும் சட்டையில ஒட்டுன மண்ணத் தட்டிக்கிட்டு நிக்கிறாரு."

பின்னாலிருந்து மாமாவின் குரல் கேட்டது. "மச்சான்கிட்ட சொல்லு. இன்னைக்கு நானும் தரையில கெடந்துதான் வேலை பாத்தேன்னு."

அப்போது வண்டி இன்னும் கிளம்பவில்லை சார். ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று மாமா கேட்பார். வேலையில் குறை இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டிவரும். அதை வைத்துக்கொண்டு இன்னொரு பதினொரு வருடம் ஓட்டுவார். என் பக்கத்தையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மாமா குன்றுப் பாதையிலேயே முடிந்துபோனார். அக்கா இன்னும் கண் திறக்கவில்லை என்கிறார்கள். திறந்ததும் அவளிடம் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்துங்கள். போனை வைப்பதற்கு முன், "சீட் பெல்ட் போட்டுக்கோக்கா" என்று நான் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். அக்கா என்றால் எனக்கு உயிர் சார்.