பந்தியில் உட்காராதவள்

மணிக்குட்டி, அக்கா மைக் முன்னால் நிற்கிறேன், கேளு.

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் டாக்டர் ஓமனா அம்மா அவர்களே, எங்கள் பங்குத்தந்தை அவர்களே, பஸ் மாறி மாறி நாகர்கோவில் வந்து சேர்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு கேட்கும் தாய்மார்களே, மீன்காரி குளோரியின் வணக்கம். தெருத்தெருவாய்க் கூவி விற்ற தொண்டை இது. கரகரத்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மணிக்குட்டி என்று கூப்பிடும் என் தங்கச்சி ஜெஸ்பினுக்குத் தோல் இறுகும் நோய். ஸ்கிளீரோடெர்மா என்றார்கள். விரல் இறுகியது, முகம் இறுகியது, பிறகு தொண்டையும் குடலும் இறுகின. இரண்டு வாய் சோற்றுக்கே வயிறு ஊதும். படுத்தால் தின்றது எரிந்துகொண்டு மேலேறும்.

நம் ஓமனா டாக்டரம்மா ஒரு தாளைப் பார்த்துக் கேட்பார்கள்: "போன வாரம் சாப்பிடக் கஷ்டம் உண்டா?"

"ஒண்ணுமில்ல டாக்டர், சொகந்தான்" என்பாள் இவள்.

ஏன் அப்படிச் சொன்னாள்? "சோறு தின்னாச்சா" என்று யார் கேட்டாலும், அடுப்பே பற்றவைக்காத வீட்டிலும் "ஆச்சு" என்றுதானே நாம் சொல்வோம்? பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், காலையில் நீங்களும் அப்படித்தானே சொல்லிவிட்டு வந்தீர்கள்? மருந்து தந்தவரிடமே நோவைச் சொன்னால், குறை சொன்னது போலாகுமே என்று அவளுக்குக் கூச்சம். தாளின் கணக்கில் அவள் நலம். மருந்தும் மாறவில்லை.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரே, இவ கல்யாண வீட்டுப் பந்தியில இருந்து சாப்பிட்டு வருசம் ரெண்டாச்சு. நாலுபேரு முன்ன வாந்தி வந்துருமோன்னு பயந்து, பாயச வாளிய எடுத்து எல்லாருக்க இலையிலயும் விளம்பப் போயிருவா. சனம் சொல்லுது, குளோரிக்க தங்கச்சி நல்ல வேலைக்காரின்னு."

"சும்மா கெட எக்கா, மானம் போவுது" என்று என்னைக் கிள்ளினாள்.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார்கள். "ஜெஸ்பின், அடுத்த கல்யாணத்துல நீ எங்க இருப்ப?"

"விளம்புற எடத்துல" என்றாள். பிறகு, "இருந்து திங்க ஆசை உண்டு டாக்டர்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

எடையை அளந்தார்கள், இரத்தத்தை அளந்தார்கள். இலை முன்னால் இருக்க முடியாத ஏக்கத்தை எந்தத் தராசு அளக்கும்? அவள் வாய் திறந்த பிறகுதான் மருந்து மாறியது, சாப்பிடும் முறையும் மாறியது. எங்கள் சித்தி மகன் ஷைஜு கல்யாணத்தில் என் பக்கத்தில் இருந்தாள். பாயசத்தில் பப்படத்தை நொறுக்கிப் போட்டாள். "எக்கா, எனக்கு இன்னொரு கரண்டி விளம்பச் சொல்லு" என்றாள். அந்த ஒரு கரண்டிதான் எனக்கு அளவு. பிறகு நோய் நெஞ்சைப் பிடித்தது, போய்விட்டாள்.

இன்று இந்த மருத்துவமனை, நோயாளிகளிடம் கேட்பதற்கு நம் பேச்சிலேயே புதுக்கேள்விகளை வெளியிடுகிறது. பந்தியில் இருந்தீர்களா என்றும் அதில் ஒரு கேள்வி உண்டு. தாய்மார்களே, வயிறு ஊதினால் ஊதுகிறது என்று சொல்லுங்கள். வழியில் வயிறு இளகித் துணியில் பட்டுவிடுமோ என்று பயந்து பஸ் ஏறவில்லையா, அதையும் சொல்லுங்கள். உள்ளதைச் சொல்வது குறை சொல்வதல்ல. நீங்கள் சொன்னால்தான் அவர்களால் அளக்க முடியும். அளந்தால்தான் ஆற்ற முடியும்.

கேட்டிருந்த உங்களுக்கும், கேள்வியை மாற்றிய டாக்டரம்மாவுக்கும் கைகூப்பி நன்றி. எல்லாரும் மதியச் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போங்கள்.

மணிக்குட்டி, அங்க யாராவது "சோறு தின்னாச்சா"ன்னு கேட்டா, உள்ளதைச் சொல்லுதியாட்டி?